ஊசி பார்த்த மாப்பிள்ளை

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் இன்னும் கேவலமாக இருக்கும். காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு ஆசை ஆசையாக ஒரு மீட்டர் வாங்கிப் பொருத்தினேன். அது ஒழுங்காக வேலை செய்தது. ஒரு நாள்கூடப் பொய் சொன்னதில்லை. என் வாழ்க்கையில் அது பேசியே ஆகவேண்டிய சாயங்காலம் ஒன்று வந்தது. அப்போதும் உண்மையைத்தான் சொன்னது. நான் அதன் வாயை மூடிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் இயற்பியல் பட்டதாரி. கல்லூரியில் மூன்று வருடம் வோல்ட் மீட்டரோடு குடும்பம் நடத்தியவன். செய்முறைத் தேர்வில் ஊசி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்து எழுதி, நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்தப் படிப்பு முழுவதும் ஒரே ஆளைப் பார்த்து வயிறெரிவதற்குத்தான் பயன்பட்டது. அந்த ஆள் என் சகலை.

என் மாமனாருக்கு மூன்று பெண்கள். ஆண் பிள்ளை கிடையாது. மூத்தவளை நான் கட்டினேன், நடுப் பெண்ணைச் சகலை கட்டினார். என்னைவிட நாலு வயது இளையவர், குடும்பத்துக்குள் எனக்கு அப்புறம் வந்தவர். முறையாகப் பார்த்தால் முதல் மரியாதை எனக்குத்தான். முறையாக யார் பார்க்கிறார்கள்? மண்டபத்தூரில் மாமனார் வீட்டு வாசலில் என்னைப் ‘பெரிய மாப்ள’ என்றும் அவரைச் ‘சின்ன மாப்ள’ என்றும்தான் கூப்பிடுவார்கள். பெரிய என்ற சொல் அங்கே என் வயதை மட்டும் குறித்தது.

மாமனார் விசைப்படகில் முப்பது வருடம் ஓடி, முழங்கால் விட்டுப்போனதும் கரையேறியவர். சகலைக்குச் சொந்தப் படகு. நானும் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் படகில் ஏறிய ஐந்தாவது நிமிடம் வாந்தி எடுப்பேன். இவன் கடலுக்கு ஆகமாட்டான் என்று வீட்டில் முடிவுகட்டிப் படிக்கவைத்துவிட்டார்கள். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்திருக்கிறேன். மாமனார் வீட்டுக்குச் சகலை வரும்போது அவர் கையில் ஆள் நீளத்துக்குக் கொடுவா மீன் தொங்கும். நான் போகும்போது என் கையில் மிக்சர் பொட்டலம் இருக்கும். மாமியார் இரண்டையும் சிரித்த முகத்தோடுதான் வாங்கிக்கொள்வார். கொடுவாவை வாங்கும்போது மட்டும் பல் தெரியும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது திருநள்ளாற்றுக்குப் போன அந்தச் சனிக்கிழமைதான்.

சகலையின் பெரிய வண்டியில் குடும்பமே போனோம். முன்சீட்டில் மாமனார். நடுவில் பெண்கள். கடைசியில், முழங்கால் தாடையில் இடிக்க, நான். அவருடைய வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு மீட்டர் உண்டு. படகில் இருப்பது மாதிரி வண்டியிலும் ஒன்று இருக்கட்டும் என்று அவரே வைத்துக்கொண்டது. அவர் அதை உற்றுப் பார்க்கவே மாட்டார். ரோட்டைப் பார்க்கிற பார்வை போகிற போக்கில் அதன்மேல் ஒரு தடவை உரசிவிட்டு வரும். அவ்வளவுதான். அன்றைக்கு அப்படி உரசிய பார்வை அங்கேயே கொஞ்சம் நின்றது.

“மாமா, டைனமோ பெல்ட்டு வழுக்குதுன்னு நெனக்கிறேன். பதினாலுல நிக்கிற ஊசி பதிமூணுகிட்ட ஆடிக்கிட்டுக் கெடக்கு. பாத்துட்டுப் போயிடுவமா?”

வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தார். டைனமோவைச் சுற்றும் பெல்ட் பாதிக்கு மேல் பிய்ந்து, நூல் நூலாக நின்றது. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தால் அறுந்திருக்கும். வழியிலேயே கடை பார்த்து மாற்றினோம். அரை மணி நேரத்தில் விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. என் மாமனார் ஒரு நாளைக்கு ஐந்தாறு வார்த்தை பேசுகிற மனிதர். அதில் இரண்டு டீக்கடையில் ‘சக்கர கம்மி’. அந்த மனிதர் அடுத்த ஒரு மாதம், ஐஸ் கம்பெனியில், ஏலம் விடும் இடத்தில், சலூனில், “சின்ன மாப்ள ஊசியப் பாத்தே சொல்லிட்டாரு” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெல்ட் பிய்ந்திருப்பது தெரியாமலே ஊசியைப் பார்த்துச் சொன்னாராம். நான் மூன்று வருடம் ஊசியைப் பார்த்தேனே மாமா, பல்கலைக்கழகம் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறதே என்று சொல்லத் தோன்றியது. ஆனால், அன்றைக்கு அதே வண்டியில் நானும் இருந்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தது முன்சீட்டின் முதுகு மட்டும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் காரை எடுத்துக்கொண்டு பூவம் பக்கம் போனேன். செகண்ட் ஹேண்டாக வாங்கிய சின்ன பெட்ரோல் கார். பூவத்தில் தமிழ்நாட்டு எல்லை தாண்டி வந்து நம் புதுச்சேரிக் குறைந்த விலையில் பெட்ரோல் போடுகிற வெளியூர் வண்டிகள் எப்போதும் வரிசையில் நிற்கும். அந்த வரிசையைத் தாண்டி ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை.

“மீட்டர் வேணும். சார்ஜ் பாக்குறதுக்கு.”

“உங்க வண்டிலதான் செவப்பா பேட்டரி லைட்டு இருக்கே சார். சார்ஜ் ஆவலன்னா அது எரியும்.”

“லைட்டு போதாது. ஊசி வேணும்.”

“ஊசியா?”

“பெரிய ஊசி.”

“எவ்ளோ பெருசு?”

“பக்கத்து சீட்டுல உக்காந்துருக்கவருக்குத் தெரியணும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பக்கத்து சீட்டுல யாரு சார்?”

“மாமனாரு.”

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கல்யாணமானவர் போலிருக்கிறது. உள்ளே போய், படகுக்கென்று யாரோ சொல்லி வைத்து வாங்கிக்கொள்ளாமல் விட்ட மீட்டர் ஒன்றை எடுத்துவந்தார். தோசைக்கல்லில் சின்ன ரகம் என்று சொல்லலாம். டேஷ்போர்டுக்கு மேலே பட்டை வைத்து நிறுத்தினார். அலமாரிக் கடிகாரம் மாதிரி உட்கார்ந்தது.

ஒயரை இணைத்துவிட்டு அவர் சொன்ன பாடம் சுருக்கமானது. இன்ஜின் அணைந்திருக்கும்போது பன்னிரண்டரை காட்டினால் பேட்டரி நலம். ஓடும்போது பதினாலுக்குப் பக்கத்தில் நின்றால் டைனமோ நலம். “இன்னொண்ணு சார். டைனமோ சுத்திக்கிட்டு இருந்தா அந்தச் செவப்பு லைட்டு எரியாது. ஆனா அது ஊத்துறத விட நீங்க அதிகமா மொண்டீங்கன்னா ஊசி எறங்கும். பன்னண்டரைக்குக் கீழ வந்துட்டா பேட்டரியத்தான் குடிச்சிக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். லைட்ட நம்பாதீங்க, ஊசிய நம்புங்க.”

“எனக்குத் தெரியும். நான் பிசிக்ஸ்” என்றேன்.

அப்புறம் ஆறு மாதம் நான் கார் ஓட்டவில்லை, மீட்டர் ஓட்டினேன். ஹெட்லைட் போட்டால் ஊசி ஒரு மயிரிழை தாழும். ஏசி போட்டால் இன்னொரு மயிரிழை. ஆக்சிலேட்டரை மிதித்தால் நிமிர்ந்து நிற்கும். “பதினாலு புள்ளி ஒண்ணு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவேன்.

“காய்ச்சக்காரனுக்குக் காய்ச்சப் பாக்குற மாதிரி பாக்காதீங்க. ரோட்டப் பாருங்க” என்பாள் மனைவி. ஒரு தடவை ஊசியில் ஆழ்ந்திருந்து வேகத்தடையில் ஏற்றியதில் அவள் மடியிலிருந்த சாம்பார் வாளி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் வோல்டேஜ் இல்லை.

ஒரு நாள் வாய்ப்பு வந்தது. மாமனாரை முழங்காலுக்கு மருந்து வாங்கக் காரைக்காலுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. முன்சீட்டில் உட்கார வைத்தேன். மீட்டர் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும், சும்மா ரோட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்த்து, பார்வையை ஒருமுறை உரசவிட்டு, “டைனமோ நல்லாருக்கு மாமா. பதினாலுல நிக்கிது” என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “ம்” என்றார்.

திரும்பி வரும்போதும் சொன்னேன். “ம்” கூட வரவில்லை.

சகலையின் ஊசி தாழ்ந்ததால் புகழ்ந்தார்கள். என் ஊசி தாழவே மாட்டேன் என்கிறது. நல்லதை யார் கண்டுபிடித்துச் சொன்னாலும் செய்தி ஆகாது. கெட்டுப்போக வேண்டும், அதை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுவதும் என் டைனமோ பெல்ட் பிய்ந்துபோகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். காரைக்கால் வட்டாரத்தில் தன் வண்டிக்கே சூனியம் வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் பலிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது கடைசி மச்சினிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை கோயிலில் வந்து காத்திருப்பார். பெண்ணின் அண்ணனோ தம்பியோ போய் மாலை போட்டு, அலங்கரித்த காரில் ஏற்றி, மேளதாளத்தோடு மண்டபத்துக்குக் கூட்டிவர வேண்டும். இந்த வீட்டில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அந்த இடத்தில் நிற்கப்போவது யார் என்பதுதான் கேள்வி. காரை ஓட்டுகிறவன் அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளை. கொடுவா, பெல்ட், பல் தெரிகிற சிரிப்பு, எல்லாவற்றையும் அந்த ஒரு சாயங்காலத்தில் நேர்செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சகலையின் வண்டிதான் பெரிது, புதிது, பளபளப்பு. எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மனைவி மூலமாக அம்பு விட்டேன். மூத்தவர் இருக்கும்போது இளையவர் ஓட்டினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவள் போய் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் மாமனாரிடம் சொன்னார். மாமனார் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு காலை நேரத்தில், “பெரிய மாப்ள ஓட்டட்டும்” என்றார்.

அன்றைக்கு நான் காரைக்காலுக்குத் திரும்பிய வழி முழுக்க ஊசியைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

சகலை போன் செய்தார். குரலில் ஒரு துளி வருத்தமாவது இருக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

“நல்லதுங்க சகலை. நீங்க ஓட்டுறதுதான் மொற. வண்டிக்கு பேட்டரி மாத்தி எத்தன வருசமாச்சு?”

“ஏன்?”

“இல்ல, அழைப்புல வண்டி ஊர்ந்துக்கிட்டே போவும். லைட்டு செட்டு வேற போடுவாங்க. பேட்டரிய ஒருக்கா காட்டிட்டீங்கன்னா நல்லது.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பொறாமை. தனக்குக் கிடைக்கவில்லை என்றதும் என் பேட்டரியில் குறை சொல்கிறார். பொறாமையைப் பற்றி எனக்குத் தெரியாதா, அதில்தானே நான் மேற்படிப்புப் படித்திருக்கிறேன். பேட்டரியைக் காட்ட நினைத்திருந்தவன், அவர் சொன்ன ஒரே காரணத்துக்காகக் காட்டாமல் விட்டேன்.

ஆவணி மாதம். காற்று நின்றுபோய், உடம்பெல்லாம் பிசுபிசுத்த சாயங்காலம். காரைப் பூவால் மூடியிருந்தேன். உள்ளே கண்ணாடியிலிருந்து மல்லிகைச் சரம் இரண்டு முழம் தொங்கியது. சீரியல் செட்டை ஜெனரேட்டர் வண்டியில் கொடுக்கிறோம் என்றார்கள் லைட்காரர்கள். வேண்டாம், பின்னால் ஒரு வண்டி இழுத்துக்கொண்டு வந்தால் அசிங்கமாக இருக்கும், என் பேட்டரியிலேயே கொடுங்கள் என்றேன். பாட்டுப் பெட்டியையும் அதிலேயே கொடுக்கச் சொன்னேன். ஹெட்லைட்டை வீடியோக்காரர் போடச் சொன்னார். மாப்பிள்ளை கோட்டு சூட்டில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்ததும், பாவம், வியர்வை ஊற்றியது. ஏசியை முழு வேகத்தில் வைத்தேன். ஊர் அவரைப் பார்க்க வேண்டும் என்பதால் கண்ணாடியையும் இறக்கி வைத்தேன். மண்டபத்தூர்க் கடற்கரைக்கே அன்று நான்தான் ஏசி போட்டேன்.

புறப்பட்டோம். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், அதற்கு முன்னால் பேண்டு செட்டு. மாப்பிள்ளையின் ஜன்னல் ஓரமாக, இடப்பக்கம், முழங்காலைத் தாங்கித் தாங்கி மாமனார் நடந்துவந்தார். என் ஜன்னல் ஓரமாகச் சகலை. பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். அவர்களுக்குப் பின்னால், சொந்தக்காரப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு சகலையின் பெரிய வண்டி, அதைப் படகு வேலைக்காரர் ஒருவர் ஓட்டி வந்தார். நத்தை எங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

தெருமுனை தாண்டுவதற்குள் ஊசி பதிமூன்றில் இருந்தது. அடுத்த தெருவில் பன்னிரண்டரை. ஒரு வாரம் முழுக்க வேண்டிக்கொண்டேனே, அந்தத் தாழ்வு, வரக்கூடாத நாளில் வந்து இறங்கியது. சிவப்பு லைட் எரியவில்லை. ஊர்கிற வேகத்தில் டைனமோ ஊற்றுவது கொஞ்சம். நான் மொள்வது அண்டா அண்டாவாக. கடைக்காரர் சொன்னது அட்சரம் பிசகாமல் கண்முன்னால் நடந்தது. நான் பிசிக்ஸ்.

சகலை லேசாகக் குனிந்தார். “சகலை, ஏசிய அமத்திடுங்களேன்.”

“மாப்பிள்ளைக்கு வேர்க்குது.”

“சரி, ஹெட்லைட்டயாவது.”

“வீடியோக்காரர் கேட்டாரு.”

“ஊசி எங்க நிக்கிது?”

என் உடம்பில் ஓடிய ரத்தமெல்லாம் காதுக்கு வந்தது. இந்த ஊசியையும் பார்த்துச் சொல்லிவிடுவார். மாமனார் அந்தப் பக்கம் நடந்து வருகிறார், கேட்டுவிடுவார். நாளைக்கு ஐஸ் கம்பெனியில், ஏலம் விடும் இடத்தில், சலூனில், பெரிய மாப்ள வண்டியிலும் சின்ன மாப்ளதான் பார்த்துச் சொன்னார் என்று ஓடும். “பதினாலுல நிக்கிது” என்றேன். சொன்ன கையோடு, கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரத்தை அவிழ்த்து மீட்டரின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டேன். மாமனாருக்குத் தெரிய வேண்டும் என்று அத்தனை பெரிதாகத் தேடி வாங்கிய மீட்டர். மூடுவதற்கு இரண்டு முழமும் தேவைப்பட்டது.

மாப்பிள்ளை அதைப் பார்த்தார். “எதுக்குண்ணே?”

“அலங்காரம்.”

மாமனார் இருந்த பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தவில்காரரைப் பார்த்துக்கொண்டு நடந்தார். தப்பித்தேன்.

முச்சந்தியில் மாப்பிள்ளையின் சேக்காளிகள் ஆட ஆரம்பித்தார்கள். ஊர்வலம் நின்றுவிட்டது. பின்னாலிருந்து மனைவி வந்து, “பொகையா அடிக்குதாம், அம்மா வண்டிய அமத்தச் சொல்லுது” என்றாள்.

“அமத்தாதீங்க சகலை” என்றார் அவர், மெதுவாக.

அந்த வார்த்தை மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் அணைத்திருக்கமாட்டேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஊசி எங்கே இருக்கும் என்று பூவுக்குக் கீழே எனக்குத் தெரியும். அவர் சொல்லி நான் கேட்பதா? சாவியை, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஒரு வீச்சாகத் திருப்பி அணைத்தேன். லைட்டும் பாட்டும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

கால் மணி நேரம் ஆடினார்கள். முதலில் பாட்டு கரகரத்தது. அப்புறம் கம்மியது. அப்புறம் சீரியல் செட்டு மஞ்சளாகி, பழுப்பாகி, கோயில் விளக்கு எண்ணெய் தீர்ந்த மாதிரி அடங்கியது. ஆடியவர்கள் நின்றார்கள். பேண்டு செட்டும் நின்றது. அந்த அமைதியில் சாவியைத் திருப்பினேன்.

டக்.

மறுபடியும் திருப்பினேன். டக். ஊரே கேட்டது. செல்ப் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை கதவைத் திறக்கப் போனார். அவருடைய அத்தை ஓடிவந்து கதவை வெளியிலிருந்து சாத்தினார். “ஆரத்தி எடுக்காம கால கீழ வைக்கக் கூடாது, உள்ளயே இரு.”

மாப்பிள்ளையின் தாய்மாமன் பின்னால் திரும்பிப் பார்த்தார். “அதான் பெரிய வண்டி நிக்கிதே. அத பக்கத்துல ஒட்டிப் போட்டு, கால் தரையில படாம அதுல மாத்திடலாமே.”

எல்லார் கண்ணும் சகலையிடம் போனது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. ‘மாத்திடலாம்’ என்றால் இந்தச் சாயங்காலம் அவருடையது. மண்டபத்து வாசலில் இறங்கப்போகிற வீட்டுப் பிள்ளை அவர். அவர் இடத்தில் நானாக இருந்தால் அந்தச் சொல் நாக்கு நுனியில் துள்ளியிருக்கும்.

“ஒயரு லூசாயிருக்கும். ஒரு நிமிஷம்” என்றார்.

பெண்களை ஒதுக்கி, மேளத்தை ஒதுக்கி, தன் வண்டியைச் சுற்றிக்கொண்டுவந்து என் காருக்கு மூக்கோடு மூக்காக நிறுத்தினார். பின்னாலிருந்து சிவப்பும் கறுப்புமாய் இரண்டு தடித்த கேபிள் வந்தது. படகுக்காரர் வண்டியில் கயிறு, டார்ச், கேபிள் இல்லாமல் இருக்காது. என் வண்டியில் சென்ட் பாட்டில் இருந்தது. இரண்டு பானெட்டையும் திறந்து பேட்டரியோடு பேட்டரியை இணைத்தார். தன் வண்டியை ஓடவிட்டுவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். கையை உள்ளே நீட்டி, ஒற்றை விரலால் மல்லிகையைத் தூக்கினார். ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பூவைப் பழையபடியே மூடினார்.

“இப்ப போடுங்க.”

போட்டேன். இன்ஜின் பிடித்தது. பேண்டு செட்டும் பிடித்தது.

அவரே எட்டி ஹெட்லைட்டை அணைத்தார், ஏசியை அணைத்தார். பாட்டுப் பெட்டியின் ஒயரை உருவிவிட்டார். “நிக்கிறப்பல்லாம் நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டர லேசா மிதிச்சே வச்சுக்கங்க சகலை” என்று என் காதுக்கு மட்டும் சொல்லிவிட்டு, கேபிளைச் சுருட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை வியர்த்து வழிந்துகொண்டே மண்டபம் வந்து சேர்ந்தார். வீடியோவில் நன்றாகப் பளபளப்பார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. யார் கேட்டாலும் சகலை, “ஒயரு லூசு, வேற ஒண்ணுமில்ல” என்றே சொன்னார். பந்தியில் சொன்னார், அவர் மனைவியிடம் சொன்னார், மாமியாரிடமும் அதையே சொன்னார். அவர் என்னைக் கிண்டல் செய்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். ஐஸ் கம்பெனியில் போய்ச் சொல்லிச் சிரித்திருந்தால், பார்த்தாயா அவன் குணத்தை என்று மனைவியிடம் ஒரு வருடம் பேசியிருப்பேன். எதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். அதுவரை அவருடைய படகு, வண்டி, கொடுவா, ஊசி பார்க்கிற கண், இவற்றின் மேல்தான் எனக்குப் பொறாமை. இப்போது அவருடைய நல்ல குணத்தின் மேலும் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது. வேலை கூடிப்போனது.

மறுநாளே புது பேட்டரி போட்டேன். அதே பூவம் கடைக்காரர்தான். பழைய பேட்டரியைக் கழற்றும்போது மீட்டர் இடுக்கில் காய்ந்து சிக்கியிருந்த ஒரு மல்லிகை மொட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

மூன்றாம் நாள் மறுவீடு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் போய் அழைத்துவர வேண்டும். காலையில் மண்டபத்தூர் போனேன். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். சகலையின் வண்டி கழுவித் துடைத்து எதிரே நின்றது. அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியாரின் குரல், “இன்னும் ரெண்டு வைக்கிறேன் தம்பி” என்று கேட்டது. மீன் வாசனையை வைத்தே சொல்வேன், கொடுவா.

மூன்று நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்த கேள்வி.

“மாமா, புது பேட்டரி போட்டுட்டேன். அன்னிக்கு வேற ஒண்ணுமில்ல, ஒயரு லூசு. மறுவீட்டுக்குப் பொண்ணு மாப்பிள்ளைய அழைக்க யாரு வண்டி மாமா?”

அவர் தைலப் பாட்டிலை மூடினார். என் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்களே எடுங்க பெரிய மாப்ள, மீட்டரு மேல பூ மட்டும் வேணாம்.”